வந்தாய்ங்க, வந்தாங்க, வந்தார்கள்: மதுரைப் பேச்சும் குரலறி மென்பொருளும்

ஆய்வுச் சுருக்கம்

பேச்சை எழுத்தாக்கும் குரலறி மென்பொருள்கள் தமிழில் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்துள்ளன. ஒருவர் தம் கருத்தைச் சொல்லி எழுதுவிப்பதற்கும், பிறர் பேசிய ஒலிப்பதிவைப் படியெடுப்பதற்கும் இன்று ஒரே கருவி பயன்படுகிறது. இவ்விரு பணிகளும் நோக்கத்தால் வேறானவை. முன்னதில் எழுத்துத் தமிழாகச் சீர்செய்தல் உதவி. பின்னதில் அதுவே சான்றழிப்பு ஆகலாம். மதுரை வட்டாரப் பேச்சில் வழங்கும் ‘-ஆய்ங்க’ என்னும் வினைமுற்று ஈற்றை அளவுகோலாகக் கொண்டு, வில்லாபுரம் போன்ற நகர்ப்பகுதிகளின் வாய்மொழி வரலாற்றைப் படியெடுக்கையில் நேரும் இழப்பை இக்கட்டுரை ஆராய்கிறது. மென்பொருள்களின் திறனை அளக்கும் சொற்பிழை விகிதம் இவ்விழப்பை வெளிக்காட்டாது என்பதையும், இருநிலைப் படியெடுப்பே தக்க தீர்வு என்பதையும் நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: குரலறிதல், படியெடுப்பு, இரட்டை வழக்கு, மதுரை வட்டார வழக்கு, வாய்மொழி வரலாறு, சொற்பிழை விகிதம்.

முன்னுரை

கூகுள் நிறுவனம் 2017 ஆகஸ்டு மாதத்தில் தன் குரல்வழித் தட்டச்சு வசதியைத் தமிழ் உள்ளிட்ட 30 மொழிகளுக்கு விரிவாக்கியது. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட விஸ்பர் என்னும் மென்பொருளும் தமிழை அறியும். அதே ஆண்டு ஜூலையில் இந்திய அரசு பாஷினி திட்டத்தைத் தொடங்கியது. இவற்றின் வரவால், விசைப்பலகை பழகாதவரும் பார்வையற்றோரும் நெடுநேரம் தட்டச்சிட இயலாதோரும் தமிழில் எழுதும் வாய்ப்பைப் பெற்றுள்ளனர். தமிழ்99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டு ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்குப் பின்னரும் தமிழ்த் தட்டச்சு கைவராதோர் பலர் இருந்த நிலையில் இது பெரும்பேறு என்பதில் ஐயமில்லை.

ஆயின், அதே மென்பொருள் களப்பணியாளரின் ஒலிப்பதிவுகளையும் இதழாளரின் நேர்காணல்களையும் நீதிமன்றச் சாட்சியங்களையும் எழுத்தாக்கப் புகும்போது வேறொரு வினா எழுகிறது. பேசியவர் சொன்னது எழுதப்படுகிறதா, அவர் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பார் என மென்பொருள் கருதியது எழுதப்படுகிறதா என்பதே அவ்வினா. பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் விலகி நிற்கும் தமிழில் இவ்வினாவின் கடுமை மிகுதி.

சொல்வதெழுதலும் படியெடுப்பும்

தமிழின் இரட்டை வழக்கு மொழியியலாரால் விரிவாக ஆராயப்பட்டது. சார்லஸ் பெர்கூசன் 1959இல் இக்கோட்பாட்டை முன்வைத்தார். பிரான்சிஸ் பிரிட்டோ 1986இல் அதனைத் தமிழுக்குப் பொருத்தி ஒரு தனி நூலே எழுதினார். ஹெரால்ட் ஷிப்மன் 1999இல் பேச்சுத் தமிழுக்கென ஓர் இலக்கண நூலை வெளியிட்டார். படித்த தமிழர் வட்டார எல்லைகளைக் கடந்து உரையாடும்போது கையாளும் பொதுப்பேச்சே அந்நூலின் அடிப்படை. ஆகவே தமிழில் இரு நிலைகள் மட்டும் இல்லை. எழுத்து வழக்கு, பொதுப்பேச்சு, வட்டாரப் பேச்சு என மூன்று நிலைகள் உள்ளன எனக் கொள்வதே பொருந்தும்.

சொல்வதெழுதலில் பேசுபவரும் எழுத்தின் உரிமையாளரும் ஒருவரே. அவர் “நாளைக்கு வர்றேன்” எனச் சொல்லி “நாளை வருகிறேன்” என்னும் எழுத்தைப் பெற்றால் மகிழக்கூடும். தவறு நேர்ந்தால் திரையைப் பார்த்துத் திருத்திக்கொள்வார். படியெடுப்பிலோ பேசியவர் ஓரிடத்தில் இருக்கிறார். எழுத்தைக் கையாள்பவர் வேறிடத்தில் இருக்கிறார். பேசியவர் அவ்வெழுத்தைக் காணாமலேயே போகலாம், இறந்தும் இருக்கலாம். அங்கே திருத்தும் உரிமை எவருக்கும் இயல்பாகக் கிடையாது. பேச்சின் வடிவமே அங்குத் தரவாகும். இவ்விரு பணிகளையும் ஒரே பொத்தானின் கீழ் வைத்திருப்பதுதான் இன்றைய மென்பொருள்களின் அடிப்படைக் குறை.

ஏடெழுதுவோரும் மென்பொருளும்

ஒருவர் சொல்ல மற்றொருவர் எழுதும் முறை தமிழுக்குப் புதிதன்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுள்களை வாயால் சொல்ல, மாணாக்கர் ஏட்டில் எழுதிய செய்தியை உ.வே. சாமிநாதையர் தம் ‘என் சரித்திரம்’ நூலில் பதிந்துள்ளார். அங்கே சொல்பவரும் எழுதுபவரும் ஒரே இலக்கண மரபில் பயின்றவர்கள்; சொல்லப்பட்டதும் செய்யுள். ரகரமா றகரமா என ஐயம் எழுந்தால் எழுதுபவர் கேட்கலாம்.

இருபதாம் நூற்றாண்டின் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் இதனினும் கடினமான பணியை ஏற்றனர். நா. வானமாமலை 1964இல் வெளியிட்ட ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ வாய்மொழியை அச்சுக்குக் கொணர்ந்த முன்னோடித் தொகுப்புகளுள் ஒன்று. கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரத்துக்கெனச் சொல்லகராதி ஒன்றைத் தொகுத்தார். மதுரையைக் களமாகக் கொண்ட ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ (1974) புதினம், நகரத்து விளிம்புநிலை மாந்தரின் உரையாடலைப் பேச்சுத் தமிழில் அமைத்தது. இவர்கள் அனைவரும் எதனை ஒலித்தவாறு எழுதுவது, எதனை எழுத்து வழக்குக்கு மாற்றுவது எனத் தேர்ந்தே முடிவு செய்தனர். அம்முடிவு சரியா தவறா என ஒரு திறனாய்வாளர் வினவலாம். வினவுவதற்கு நூலின் முகப்பில் ஒரு பெயர் உண்டு. மென்பொருளும் அதே முடிவைச் சொல்தோறும் எடுக்கிறது. எடுத்த சுவடு மட்டும் எஞ்சுவதில்லை. கையொப்பமிடாத பதிப்பாசிரியர் என அதனைக் கூறலாம்.

ஓர் ஈற்றின் வேறுபாடு

வில்லாபுரம் மதுரை மாநகரின் தென்பகுதியில், அவனியாபுரம் செல்லும் வழியில் அமைந்தது. இப்பகுதியின் அண்மைக்கால வரலாற்றில் தண்ணீருக்குத் தனியிடம் உண்டு. 1996 உள்ளாட்சித் தேர்தலில் மாமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மார்க்சிஸ்ட் கட்சியின் லீலாவதி, மக்களின் குடிநீர்த் தேவைக்காக முன்னின்றவர். 1997 ஏப்ரல் 23 அன்று அவர் வில்லாபுரத்தில் படுகொலை செய்யப்பட்டார். இத்தகைய ஒரு பகுதியின் வரலாற்றை எழுத முனைவோர்க்கு நாளிதழ்களும் வழக்காவணங்களும் போதா. தெருக்குழாயடியில் நின்றவர்களின் நினைவுகள் தேவை. அந்நினைவுகள் மதுரைப் பேச்சில்தான் உள்ளன.

மதுரை வட்டாரத்தில் பலர்பால் வினைமுற்று இரு வடிவங்களில் வழங்குகிறது. ‘வந்தாங்க’ என்பது மரியாதைக்குரிய ஒருவரையோ பலரையோ குறிக்கும். ‘வந்தாய்ங்க’ என்பது மரியாதை ஏற்றப்படாத பலரைக் குறிக்கும். ‘அவங்க’, ‘அவய்ங்க’ என்னும் சுட்டுப்பெயர்களும் இவ்வாறே நிற்கும். ‘-ஆய்ங்க’ எப்போதும் இகழ்ச்சி உணர்த்துவதில்லை. “நம்ம பசங்க வந்தாய்ங்க” என்பதில் உரிமையும் அன்பும் தோன்றும். அயலார் குறித்து வரும்போது அதே ஈறு விலக்கத்தையோ வெறுப்பையோ உணர்த்தும். எவ்வாறாயினும், பேசப்படுவோர் பேசுபவரின் மதிப்பில் எங்கு நிற்கின்றனர் என்பதை இவ்வீறு வரையறுக்கிறது. எழுத்துத் தமிழின் ‘வந்தார்கள்’ இவ்வேறுபாட்டைக் காட்ட இயலாதது.

விளக்கத்தின் பொருட்டு அமைக்கப்பட்ட ஒரு தொடரைக் காணலாம். இது எவருடைய சாட்சியமும் அன்று.

“அவய்ங்க வந்து குழாய மூடுனாய்ங்க. அந்தம்மா வந்து கேட்டாங்க.”

எழுத்து வழக்குக்கு மாற்றினால் இது பின்வருமாறு அமையும்.

“அவர்கள் வந்து குழாயை மூடினார்கள். அந்த அம்மா வந்து கேட்டார்கள்.”

செய்தி மாறவில்லை. குழாய் மூடப்பட்டதும் ஒரு பெண் கேள்வி எழுப்பியதும் அப்படியே உள்ளன. ஆனால் முதல் வடிவில் பேசுபவர் ஒரு தரப்பில் நிற்கிறார். மூடியவர்களுக்கு மரியாதையை மறுத்து, கேட்டவருக்கு அதனை அளிக்கிறார். இரண்டாம் வடிவில் இரு தரப்பாரும் ‘-ஆர்கள்’ என்னும் ஒரே ஈற்றின்கீழ் சமமாகின்றனர். தெருவில் நிகழ்ந்த பூசலைப் பற்றிய ஒருவரின் தீர்ப்பு, அவர் அறியாமலேயே நடுநிலை அறிக்கையாகிவிடுகிறது. பொதுப்பேச்சு வடிவமான “மூடுனாங்க, கேட்டாங்க” என எழுதினாலும் இழப்பு இதுவே. வட்டார ஈறு அங்கும் மறைந்துவிடும்.

செவி கேளாததை மாதிரி நிரப்புதல்

இவ்விழப்பு எவ்வாறு நேர்கிறது என்பதை மென்பொருளின் செயல்முறை விளக்கும். குரலறி மென்பொருள் ஒலியை மட்டும் கொண்டு எழுதுவதில்லை. எந்தச் சொல்லுக்குப் பின் எது வரும் வாய்ப்பு மிகுதி என்பதைப் பயிற்சியின் வழி அறிந்துள்ளது. ஒலி தெளிவற்ற இடத்தை அவ்வறிவைக் கொண்டு நிரப்புகிறது.

தமிழுக்கு இது இன்றியமையாதது. இன்றைய பேச்சில் பெரும்பாலோரிடம் ரகர றகர வேறுபாடு ஒலிப்பில் இல்லை. கரை, கறை ஆகியவற்றையும் அரம், அறம் ஆகியவற்றையும் செவியால் பிரித்தறிய இயலாது, சூழலே பிரிக்கும். மதுரைப் பேச்சில் ‘பழம்’ பெரும்பாலும் ‘பளம்’ என ஒலிக்கும். வாழையும் வாளை மீனும் அங்கு ஒலியால் ஒன்றுபடும். மென்பொருள் சூழலறிந்து ழகரத்தை மீட்டெழுதுவது பாராட்டத்தக்கது.

ஆனால் சரியான எழுத்தை மீட்கும் அதே ஆற்றல், அரிய சொல்லை நீக்கி வழக்கமான சொல்லை இடவும் வல்லது. திட்டுதலைக் குறிக்கும் ‘வைதல்’ என்னும் பழஞ்சொல் தென்மாவட்டப் பேச்சில் இன்றும் உயிருடன் உள்ளது. அதன் இறந்தகால வடிவம் ‘வஞ்சான்’. அச்சுத் தமிழில் இவ்வடிவம் மிக அரிது. ‘வந்தான்’ என்பதோ எங்கும் உள்ளது. “என்னைய வஞ்சான்” என ஒருவர் முறையிடும்போது, சாய்வு ‘வந்தான்’ என்பதன் பக்கமே இருக்கும். இங்கே வசவு வருகையாக மாறுகிறது; முறையீடே இல்லாமற் போகிறது. சௌராட்டிர மொழியினர் பலர் வாழும் மதுரையில், தமிழ்ப் பேச்சினிடையே வேற்றுமொழிச் சொற்கள் கலப்பதும் இயல்பு. தமிழ் என ஒரே மொழிக்கு அமைக்கப்பட்ட மென்பொருள் அச்சொற்களையும் ஏதேனும் ஒரு தமிழ்ச் சொல்லாக்க முயலும்.

மௌனத்துக்கும் இது பொருந்தும். நினைவைக் கூறுபவர் இடையில் நிறுத்துவதும் பெருமூச்சு விடுவதும் பேச்சின் பகுதிகளே. விஸ்பர் மென்பொருளை ஆங்கிலப் பேச்சில் சோதித்து 2024இல் வெளியான ஆய்வொன்று, ஏறத்தாழ 1 விழுக்காட்டு ஒலிப்பகுதிகளில் எவரும் சொல்லாத தொடர்கள் இட்டு நிரப்பப்பட்டதைக் கண்டறிந்தது. பேச்சற்ற இடைவெளிகள் மிகுந்தவரின் பதிவுகளில் இது கூடுதலாக நேர்ந்தது. துயர நினைவுகளைப் பேசுவோரின் பதிவில் இத்தகைய இடைவெளிகள் மிகுதி என்பதால், வாய்மொழி வரலாற்றாளர் இதனைக் கருத்திற்கொள்ளல் வேண்டும்.

சொற்பிழை விகிதமும் அது மறைப்பதும்

மென்பொருளின் திறன் பொதுவாகச் சொற்பிழை விகிதத்தால் அளக்கப்படுகிறது. மாறிய சொற்கள், விடுபட்ட சொற்கள், மிகையாக வந்த சொற்கள் ஆகியவற்றின் கூட்டுத்தொகையை, மூலப்படியிலுள்ள சொற்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பெறுவதே இவ்விகிதம். மூலப்படி என்பது மனிதர் ஒருவர் கேட்டு எழுதி வைத்த விடை. அம்மூலப்படியே சீர்செய்யப்பட்டதாக இருந்தால் என்னவாகும் என்பதை மேற்கண்ட தொடரைக் கொண்டே சோதிக்கலாம்.

“அவய்ங்க வந்து குழாய மூடுனாய்ங்க” என்னும் 4 சொற்களுக்கு மென்பொருள் “அவர்கள் வந்து குழாயை மூடினார்கள்” என எழுதியதாகக் கொள்வோர், மூலப்படியும் எழுத்து வழக்கில் இருப்பின் பிழை விகிதம் 0 எனக் கணக்கிடுவர். மூலப்படி ஒலித்தவாறு எழுதப்பட்டிருப்பின் 4 சொற்களில் 3 பிழை; விகிதம் 75 விழுக்காடு. ஒலியும் ஒன்றே, மென்பொருளின் விடையும் ஒன்றே. அளவீடு மட்டும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்கிறது. ஆகவே தமிழுக்கெனக் கூறப்படும் எந்தச் சொற்பிழை விகிதமும், மூலப்படி எந்த வழக்கில் எழுதப்பட்டது என்னும் குறிப்பின்றிப் பொருளற்றதாகும். மேலும் இவ்வளவீடு எல்லாப் பிழைகளையும் ஒரே நிறையாகவே கொள்கிறது. ‘குழாய’ என்பது ‘குழாயை’ ஆனதும் ‘வஞ்சான்’ என்பது ‘வந்தான்’ ஆனதும் அதன் கணக்கில் ஒவ்வொரு பிழையே.

வட்டாரப் பேச்சினர் இதனால் கூடுதலாகப் பாதிக்கப்படுவர் என்பதற்கு அயல்நாட்டுச் சான்று உண்டு. அமெரிக்காவில் 5 பெருநிறுவனங்களின் குரலறி மென்பொருள்களைச் சோதித்து 2020இல் வெளிவந்த ஆய்வில், வெள்ளையரின் ஆங்கிலப் பேச்சுக்குச் சராசரி சொற்பிழை விகிதம் 19 விழுக்காடாகவும், கறுப்பினத்தவரின் பேச்சுக்கு 35 விழுக்காடாகவும் இருந்தன. சராசரி என்னும் ஒற்றை எண் இத்தகைய பிளவைத் தன்னுள் மறைத்துவிடும். தமிழில் முதியோரும் திருநர்களும் பேசியவற்றைக் குரலறிதலுக்கு உட்படுத்தும் ஆய்வுப்போட்டி ஒன்று 2022 முதல் நடத்தப்பட்டமை, இச்சிக்கலை ஆய்வுலகம் உணரத் தொடங்கியுள்ளதைக் காட்டுகிறது.

எதிர்வாதமும் விடையும்

இக்கருத்துக்கு இரு எதிர்வாதங்கள் எழலாம். ஒன்று, படியெடுப்பில் மனிதரும் சீர்செய்தே எழுதிவந்துள்ளனர் என்பது. இது உண்மையே. காவல்நிலைய வாக்குமூலம் முதல் நாளிதழ் நேர்காணல் வரை மக்களின் பேச்சு எழுத்து வழக்குக்கு மாற்றப்பட்டே வந்துள்ளது. ஆனால் மனிதர் செய்த மாற்றத்துக்குப் பொறுப்பேற்பவர் உண்டு. அதனைச் சரிபார்க்கும் முறையும் உண்டு. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 278ஆம் பிரிவு, பதிவுசெய்யப்பட்ட சாட்சியத்தைச் சாட்சிக்குப் படித்துக்காட்ட வேண்டும் என விதித்தது. எழுதியது பேசியவரிடம் திரும்பிச் செல்ல வேண்டும் என்பதே அதன் உட்பொருள். கேரளத்தில் விசாரணை நீதிமன்றங்களின் சாட்சியப் பதிவுக்குக் குரலறி மென்பொருளைப் பயன்படுத்துமாறு அம்மாநில உயர்நீதிமன்றம் 2025 நவம்பர் 1 முதல் பணித்துள்ள நிலையில், தமிழுக்கும் இவ்வினா நெடுந்தொலைவில் இல்லை.

மற்றொன்று, ஒலித்தவாறே எழுதினால் பேசியவர் கல்லாதவராகத் தோன்றுவார். எழுத்து வழக்குக்கு மாற்றுவதே அவருக்குச் செய்யும் மரியாதை என்பது. இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. மேடைத் தமிழ் குறித்து மதுரையில் களப்பணி செய்த பெர்னார்ட் பேட் 2009இல் வெளியிட்ட நூல், செந்தமிழில் பேசுவது அரசியல் அதிகாரத்தோடு எவ்வளவு நெருங்கிய உறவுடையது எனக் காட்டுகிறது. அச்செந்தமிழ் வில்லாபுரத்து முதியவருக்கும் உரியதே. எனினும், அதனை ஏற்பதா விடுப்பதா என்பதை அவரே முடிவுசெய்தல் வேண்டும். அவரைக் கேளாமல் அவர் வாயில் ‘மூடினார்கள்’ என்னும் சொல்லை வைப்பது, அவர் மறுத்த மரியாதையை அவர் பெயரால் வழங்குவதாகும்.

செய்யத்தக்கவை

இரு நிலைகளிலும் படியெடுத்துவைப்பதே தீர்வு. இதற்கு முன்மாதிரி தமிழகத்திலேயே உள்ளது. சென்னை ஐஐடியைச் சார்ந்த ஏஐ4பாரத் குழு 2024இல் வெளியிட்ட இண்டிக்வாய்சஸ் தரவுத்தொகுப்பு, 22 மொழிகளில் 145 மாவட்டங்களைச் சேர்ந்த 16,237 பேரிடமிருந்து 7,348 மணிநேரப் பேச்சைத் திரட்டியது. அதில் எழுதியதைப் படித்த பேச்சு 9 விழுக்காடே. எஞ்சியது இயல்பாகப் பேசியதும் உரையாடியதும் ஆகும். பேச்சை உள்ளவாறு எழுதிய படியும் சீர்செய்த படியும் அதில் தனித்தனியே பேணப்படுகின்றன.

இம்முறையை வாய்மொழி வரலாற்றுப் பணிக்கும் கொள்ளலாம். முதற்படி ஒலித்தவாறும் இரண்டாம் படி எழுத்து வழக்கிலும் அமைதல் வேண்டும்; இரண்டும் ஒலிப்பதிவின் நேரக்குறிப்போடு இணைக்கப்படல் வேண்டும். மென்பொருள் முதல்வரைவை எழுதலாம். வட்டார வழக்கறிந்த ஒருவர் அதனைக் கேட்டுத் திருத்தித் தம் பெயரைப் பதிதல் வேண்டும். ‘-ஆய்ங்க’ போன்ற ஈறுகள், ‘வஞ்சான்’ போன்ற வினைகள், ‘அங்கிட்டு’, ‘அம்புட்டு’ போன்ற சொற்கள் ஆகியவற்றின் பட்டியல் ஒன்று அவர் கையில் இருப்பின் எங்கே மீண்டும் கேட்க வேண்டும் என்பது தெளிவாகும். இயலுமிடத்து, படியைப் பேசியவரிடம் படித்துக்காட்டி இசைவு பெறுதல் நன்று. ஒலிப்பதிவை எந்நிலையிலும் அழித்தல் ஆகாது.

முடிவுரை

குரலறி மென்பொருள் சொல்வதெழுதலுக்குச் சிறந்த துணை என்பதும், படியெடுப்பில் அது முதல்வரைவுக்கு மேல் உரிமை கோர இயலாது என்பதும் இவ்வாய்வால் பெறப்படுகின்றன. மூலப்படியின் வழக்கைக் குறிப்பிடாத சொற்பிழை விகிதம் தமிழுக்கு நம்பத்தக்க அளவுகோலாகாது. தொல்காப்பியம் வழக்கையும் செய்யுளையும் இலக்கணத்தின் இரு கால்களாகக் கொண்டது. அவ்வழக்கின் உயிர்ப்பு, வில்லாபுரத்துத் தெருவில் ஒருவர் ‘வந்தாங்க’ என்பதை விடுத்து ‘வந்தாய்ங்க’ எனத் தேர்வதில் உள்ளது. அத்தேர்வைப் படிக்கவரும் அடுத்த தலைமுறைக்கு, யார் வந்தார்கள் என்பதோடு அவர்களை அத்தெரு எவ்வாறு மதித்தது என்பதும் தெரிதல் வேண்டும்.